புது ஸ்மார்ட்போனில் சார்ஜ் நீடிக்க என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது போன் கைக்கு வந்ததும் எழும் பேட்டரி சந்தேகங்களில் பாதி, பழைய காலத்து பேட்டரிகளோடு சேர்ந்து ஒழிந்திருக்க வேண்டியவை. மீதி நியாயமானவை. இரண்டு வகைக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரே வசதிக்கு ஒவ்வொரு பெயர் வைக்கும். நான் சொல்லும் பெயர் உங்கள் போனில் அப்படியே இல்லை என்றால், செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகுதான் ஆன் பண்ண வேண்டுமா?

வேண்டாம். அது நிக்கல் வகை பேட்டரிகள் இருந்த காலத்து வழக்கம். இன்று ஸ்மார்ட்போன்களில் இருப்பது லித்தியம் அயன் குடும்பத்து பேட்டரி. 1991-ல் சோனி இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. முழுதாகத் தீர்த்துவிட்டு முழுதாக ஏற்றினால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்கிற குணம் இந்த பேட்டரிக்குக் கிடையாது. முழுவதும் ஏறியதும் போனே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும். அதற்கு மேல் எத்தனை மணி நேரம் சொருகி வைத்தாலும் கூடுதலாக ஒன்றும் சேராது.

பெட்டியிலிருந்து வரும்போது உள்ள சார்ஜோடே ஆன் பண்ணலாம். ஆனால் பழைய போனிலிருந்து டேட்டா மாற்றும்போதும், முதல் சாஃப்ட்வேர் அப்டேட் ஓடும்போதும் சார்ஜரில் போட்டுவிடுங்கள். அந்த வேலை நடுவில் போன் அணைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. பழைய போனைவிட வேகமாக சார்ஜ் இறங்குகிறது. பீஸ் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முதல் சில நாட்களில் போன் உங்களுக்குத் தெரியாமல் நிறைய வேலை பார்க்கிறது. பழைய போனிலிருந்த நூறு ஆப்பும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, உடனே அப்டேட் கேட்கும். கிளவுடில் இருக்கும் படங்கள் திரும்ப வரும். வந்த ஒவ்வொரு படத்திலும் யார் முகம், என்ன பொருள், எந்த இடம் என்று போன் அலசி, நீங்கள் பின்னால் தேடும்போது எடுத்துத் தருவதற்காகப் பட்டியல் போட்டு வைக்கும். வாட்ஸ்அப் தன் பழைய அரட்டைகளையும் வீடியோக்களையும் மீட்டெடுக்கும். இதெல்லாம் நெட்டையும் பிராசசரையும் ஒருசேர இழுக்கிற வேலைகள். போன் லேசாகச் சூடாவதும் இதனால்தான்.

இன்னொரு பக்கம், போன் உங்கள் பழக்கத்தைப் படிக்கவும் அவகாசம் வேண்டும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-லிருந்து 'அடாப்டிவ் பேட்டரி' என்று ஒன்று இருக்கிறது. எந்த ஆப்பை அடிக்கடி திறக்கிறீர்கள், எதைத் திறப்பதே இல்லை என்று கவனித்து, திறக்காதவற்றின் பின்னணி வேலைகளைக் குறைக்கும். முதல் நாளில் அதற்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது.

இதோடு மூன்றாவதாக நம் கையும் இருக்கிறது. புது போன் என்றால் யார்தான் கீழே வைக்கிறார்கள்? பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, கேமராவைச் சோதித்து, வால்பேப்பர் மாற்றி, செட்டிங்ஸைக் குடைகிறோம். ஒரு வாரம் பொறுத்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். இரண்டாம் நாள் சார்ஜை வைத்து எந்த போனையும் எடைபோட முடியாது.

"சார்ஜ் நிற்கவில்லை", "பேட்டரி கெட்டுவிட்டது": இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பேட்டரி பற்றிய குழப்பங்களில் பாதிக்கு இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதே காரணம். ஒரு தடவை ஏற்றிய சார்ஜ் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பது ஒன்று. அதே பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்பது வேறொன்று. முதலாவதைத் தீர்மானிப்பவை ஸ்கிரீன், சிக்னல், ஆப்கள். இரண்டாவதைத் தீர்மானிப்பவை சூடு, எத்தனை முறை ஏற்றி இறக்குகிறோம் என்பது, எவ்வளவு நேரம் நூறிலேயே வைத்திருக்கிறோம் என்பது.

டார்க் மோடு போடுவது முதல் கணக்கில் சேரும். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துவது இரண்டாம் கணக்கு. சொல்லப்போனால் அது இன்றைய சார்ஜைக் குறைத்து, இரண்டு வருடம் கழித்துப் பலன் தருகிற ஏற்பாடு. எந்தக் குறிப்பைப் படித்தாலும், அது எந்தக் கணக்கில் சேரும் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, முதல் நாளே மாற்றிவிட வேண்டியது என்னென்ன?

அதிகம் இல்லை. ஆட்டோ பிரைட்னஸை ஆனில் வையுங்கள். அது தப்பாகக் கணிக்கிறது என்று தோன்றினால் அணைத்துவிடாமல், பட்டியை நகர்த்தித் திருத்துங்கள். ஓரிரு நாளில் உங்கள் விருப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கிரீன் தானாக அணையும் நேரத்தை 30 வினாடிக்குக் கொண்டுவாருங்கள். அசையும் வால்பேப்பர் வேண்டாம்.

அடுத்தது, பழைய போனிலிருந்து எதையெல்லாம் கொண்டுவருகிறீர்கள் என்பது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் புது போனில் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை இதுதான். மூன்று வருடமாகச் சேர்ந்த ஆப் குப்பையை அப்படியே புது போனில் கொட்டிவிட்டு, பேட்டரி போதவில்லை என்று புலம்புகிறோம். டேட்டா மாற்றும் திரையிலேயே எந்தெந்த ஆப் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் இருந்தால் அங்கேயே வடிகட்டிவிடுங்கள். இல்லையென்றால் மாற்றி முடித்த கையோடு, ஆறு மாதமாகத் தொடாததை எல்லாம் நீக்கிவிடுங்கள். ஷாப்பிங் ஆப்கள், எப்போதோ ஒரு டிக்கெட்டுக்காக இறக்கியது, கம்பெனிக்காரன் முன்கூட்டியே போட்டு அனுப்பிய விளையாட்டுகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

புது ஆப் ஒவ்வொன்றும் முதல் முறை திறக்கும்போது நோட்டிஃபிகேஷனுக்கும் லொக்கேஷனுக்கும் அனுமதி கேட்கும். யோசிக்காமல் 'அனுமதி' என்று தட்டிவிடாதீர்கள். லொக்கேஷனுக்கு 'ஆப் பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும்' என்பதே போதும். மேப் ஆப்புக்கும் டாக்ஸி ஆப்புக்கும்கூட அதுவே போதும். நோட்டிஃபிகேஷனைப் பொறுத்தவரை, தள்ளுபடி விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரீன் விழித்துக்கொள்வது சார்ஜுக்கும் கேடு, நமக்கும் கேடு.

டார்க் மோடு போட்டால் நிஜமாகவே மிச்சமாகுமா?

ஓஎல்இடி, அமோலெட் ஸ்கிரீன் என்றால் ஆகும். அந்த வகை ஸ்கிரீனில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது; கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். எல்சிடி ஸ்கிரீனில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்போ வெள்ளையோ பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது பிரைட்னஸைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட அளவீட்டில், பிரைட்னஸ் முழுதாக இருக்கும்போது டார்க் மோடுக்கு மாறினால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமானது. நாம் பெரும்பாலும் வைத்திருக்கும் 30-50 சதவீத பிரைட்னஸில் மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். வீட்டுக்குள்ளேயே போன் பார்ப்பவர்கள் கண்ணுக்கு இதமாக இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும்.

120 ஹெர்ட்ஸை 60-க்குக் குறைக்கலாமா?

ஸ்கிரீன் ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் இந்த ஹெர்ட்ஸ் கணக்கு. குறைத்தால் சார்ஜ் கொஞ்சம் கூடும். எவ்வளவு என்பது ஸ்கிரீனைப் பொறுத்தது. விலை உயர்ந்த போன்களில் இருக்கும் எல்டிபிஓ ஸ்கிரீன்கள், அசையாத பக்கத்தைப் பார்க்கும்போது தாமாகவே மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். சிலவற்றில் 1 ஹெர்ட்ஸ் வரை. அங்கே நீங்கள் கை வைக்க வேண்டியதில்லை, 'அடாப்டிவ்' என்றே விடுங்கள். சாதாரண ஸ்கிரீன் உள்ள போனில் சார்ஜ் போதவில்லை என்றால் 60-ல் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் அந்த அசைவுக்காகவே போன் வாங்கியவர் என்றால் இதை விட்டுவிட்டு வேறு இடத்தில் மிச்சம் பிடியுங்கள். பயன்படுத்தாமல் சேமிப்பதற்கா போன் வாங்கினோம்?

ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே (போன் பூட்டியிருக்கும்போதும் மணி காட்டிக்கொண்டே இருக்கும் ஸ்கிரீன்) வேண்டுமா?

மணி பார்க்கத் தேவைப்பட்டால், தட்டினால் மட்டும் காட்டும்படி வையுங்கள். நாள் முழுக்க எரிய வேண்டியதில்லை.

வீட்டில் நன்றாக நிற்கும் சார்ஜ், வெளியே போனால் மட்டும் கரைந்துவிடுகிறதே?

சிக்னலைப் பாருங்கள். தூரத்தில் நிற்பவரிடம் பேச நாம் குரலை உயர்த்துகிற மாதிரி, டவர் எட்டாத இடத்தில் போனும் தன் ஒலிபரப்பு சக்தியைக் கூட்டுகிறது. சிக்னல் அறவே இல்லாத இடத்தில் இன்னும் மோசம்: டவர் கிடைக்குமா என்று தேடிக்கொண்டே இருக்கும். ரயில் பயணத்தில், பேஸ்மென்ட் அலுவலகத்தில், தடித்த கான்கிரீட் கட்டடத்துக்குள் போனைத் தொடாமலே சார்ஜ் இறங்குவது இதனால்தான்.

சிக்னல் கிடைக்காது என்று தெரிந்த இடத்தில் ஏரோபிளேன் மோடு போட்டுவிடுங்கள். அங்கே வைஃபை இருந்தால், ஏரோபிளேன் மோடிலேயே வைஃபையை மட்டும் ஆன் செய்து, வைஃபை காலிங் வசதி இருந்தால் அதில் பேசலாம்.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கிற, அல்லது உங்கள் பகுதியில் டவரே இல்லாத இரண்டாவது சிம்முக்காகவும் போன் தேடிக்கொண்டுதான் இருக்கும். சிம் செட்டிங்ஸுக்குள் போய் அந்த சிம்மை மட்டும் அணைத்து வைக்கலாம், கழற்ற வேண்டியதில்லை.

5ஜி விஷயமும் இதே கதைதான். டவர் பக்கத்தில் இருந்து சிக்னல் திடமாக இருந்தால் 5ஜியால் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஊசலாடி 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவும் இடத்தில்தான் சார்ஜ் வீணாகிறது. அப்படிப்பட்ட இடத்தில் 4ஜி என்று வைத்துவிடுங்கள். ஐபோனில் '5ஜி ஆட்டோ' என்று ஒன்று உண்டு. வேகம் தேவைப்படாதபோது அதுவே எல்டிஇ-க்கு, அதாவது 4ஜிக்கு, இறங்கிக்கொள்ளும்.

வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் அணைத்தே வைத்திருக்கிறேன். சரிதானே?

வீண் சிரமம். சும்மா ஆனில் இருக்கும் புளூடூத் எடுப்பது சொற்பம். வைஃபை கிடைக்கும் இடத்தில் மொபைல் டேட்டாவைவிட வைஃபையே பெரும்பாலும் சிக்கனம். லொக்கேஷனும் ஏதாவது ஓர் ஆப் கேட்டால்தான் வேலை செய்யும். அதனால் சுவிட்சை அணைப்பதைவிட, கேட்கிற ஆப்பைக் கட்டுப்படுத்துவதே சரி. ஹாட்ஸ்பாட் மட்டும் விதிவிலக்கு. வேலை முடிந்ததும் அதை மறக்காமல் அணையுங்கள். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிற வேலை அது.

ரீசன்ட் ஆப்ஸ் பட்டியலில் (கடைசியாகத் திறந்த ஆப்கள் வரிசையாகத் தெரியும் திரை) இருப்பவற்றை அவ்வப்போது தள்ளி மூடுவது நல்லதுதானே?

கை அரிக்கும், தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் தெரியும் ஆப்களில் பெரும்பாலானவை உறைந்த நிலையில் இருப்பவை. அவை சார்ஜ் தின்பதில்லை. அவற்றை மூடிவிட்டு மறுபடி திறந்தால், முதலிலிருந்து ஏற்றுவதற்குத்தான் கூடுதல் சார்ஜ் போகும். 2016-ல் இதே கேள்வி ஆப்பிளுக்குப் போனபோது அதன் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, அப்படி மூடுவதால் பேட்டரிக்குப் பயனில்லை என்றே பதில் தந்தார். அப்போது ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே சொன்னார். ஓர் ஆப் தொங்கிப் போனால் மூடுங்கள், பாட்டோ மேப்போ பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால் மூடுங்கள். மற்றபடி விட்டுவிடுங்கள்.

எந்த ஆப் சார்ஜைத் தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் ஆப் வாரியாகச் சதவீதம் இருக்கும். பலர் அதில் முதலிடத்தில் இருப்பதைப் பார்த்ததும் "யூடியூப்தான் தின்கிறது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நான்கு மணி நேரம் யூடியூப் பார்த்தவருக்கு அது முதலிடத்தில் வராமல் வேறென்ன வரும்? அது குற்றவாளி இல்லை, உங்கள் செலவு.

தேட வேண்டியது வேறு. ஆப்பின் பெயரைத் தட்டினால், ஸ்கிரீனில் எவ்வளவு நேரம் இருந்தது, பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்று தனித்தனியாகக் காட்டும். ஸ்கிரீனில் மூன்று நிமிடம், பின்னணியில் இரண்டு மணி நேரம் என்று ஏதாவது இருந்தால் அதுதான் ஆள். பாட்டு ஆப்புக்கு அப்படி இருப்பது இயல்பு; போட்டோ எடிட்டிங் ஆப்புக்கோ கூப்பன் ஆப்புக்கோ இயல்பில்லை.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. இரவு படுக்கப் போகும்போது சார்ஜரில் போடாமல், சதவீதத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு போனைத் தொடாமல் விடுங்கள். ஆண்ட்ராய்டில் 2015-ல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்தே, அசையாமல் கிடக்கும் போன் 'டோஸ்' என்ற தூக்க நிலைக்குப் போய், ஆப்களின் நெட் வேலைகளையெல்லாம் சேர்த்து வைத்து எப்போதாவது ஒரு முறை செய்யும். ஆகவே காலையில் சில சதவீதம்தான் குறைந்திருக்க வேண்டும். பதினைந்து, இருபது என்று இறங்கியிருந்தால் ஏதோ ஒன்று போனைத் தூங்க விடவில்லை. மறுநாள் இரவு ஏரோபிளேன் மோடில் இதையே செய்யுங்கள். இறக்கம் நின்றுவிட்டால் சிக்னலோ, நெட் கேட்கிற ஆப்போ காரணம். அப்போதும் நிற்கவில்லையா? ஆண்ட்ராய்டு என்றால் சேஃப் மோடில் ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். அந்த நிலையில் நீங்கள் இறக்கிய ஆப் எதுவும் ஓடாது. அதிலும் இறங்கினால் ஆப்களின் மேல் பழி போட முடியாது.

அந்த ஆப்பைக் கட்டுப்படுத்தினேன். இப்போது மெசேஜே நேரத்துக்கு வருவதில்லை.

கட்டுப்பாடு கூடிப்போய்விட்டது. பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒவ்வோர் ஆப்புக்கும் கட்டுப்பாடற்றது, சீராக்கப்பட்டது, கட்டுப்படுத்தப்பட்டது என மூன்று நிலைகள் இருக்கும். மெசேஜ், அலாரம், உடல்நலக் கருவிகளோடு இணைந்த ஆப்களுக்குக் கடைசி நிலை கூடாது. சில கம்பெனிகள் பேட்டரி பெயரைக் காப்பாற்றப் பின்னணி ஆப்களைத் தாமாகவே ஈவிரக்கமில்லாமல் கொன்றுவிடுகின்றன; அத்தகைய போனில் முக்கியமான ஆப்களை முதல் வாரமே 'கட்டுப்பாடற்றது' என்று மாற்றிவிடுவது நல்லது. மெசேஜ் தவறினால் மிச்சமான இரண்டு சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பேட்டரி சேவர் ஆப் எது நல்லது?

எதுவும் வேண்டாம். அதுவும் பின்னணியில் ஓடுகிற இன்னோர் ஆப், விளம்பரத்தோடு.

போனிலேயே உள்ள பவர் சேவிங் மோடை எப்போதும் ஆனில் வைக்கலாமா?

தாராளமாக, பேட்டரிக்கு ஒரு கெடுதலும் இல்லை. படங்கள் பேக்கப் ஆவது, மெயில் வருவது தாமதமாகலாம், ஸ்கிரீன் வேகம் குறையலாம். அது பரவாயில்லை என்பவர்கள் நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் தானாக ஆன் ஆகும்படி வைப்பது பலருக்கும் ஒத்துவரும். ஐபோனின் லோ பவர் மோடு, 80 சதவீதம் ஏறியதும் தானாக அணைந்துவிடும்.

80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறார்களே, அவசியமா? இரவு முழுக்க சொருகி வைக்கலாமா?

லித்தியம் அயன் பேட்டரிக்கு உச்சத்தில் காத்திருப்பது பிடிக்காது. நூறிலேயே மணிக்கணக்கில் இருந்தால், அதுவும் சூட்டோடு இருந்தால், சீக்கிரம் தேயும். அதனால்தான் கம்பெனிகளே வரம்பு வைக்கும் வசதி தருகின்றன. ஐபோன் 15-லிருந்து 80 சதவீத வரம்பு வந்தது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18 வந்ததும் அந்த போன்களில் 80-லிருந்து 100 வரை ஐந்து ஐந்தாகத் தேர்ந்தெடுக்கலாம். சாம்சங், பிக்சல் போன்களிலும் இது இருக்கிறது. வரம்பு வைத்த பிறகும் ஐபோன் எப்போதாவது நூறு வரை ஏறினால் பதற வேண்டாம். சதவீதக் கணக்கைச் சரிபார்க்க அது வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது.

நான் பார்ப்பது இப்படி: மாலை வீடு திரும்பும்போது வழக்கமாக 40 சதவீதம் மிச்சமிருந்தால் 80 வரம்பு வையுங்கள், இழப்பதற்கு ஒன்றுமில்லை. சாயங்காலமே 10-க்கு வந்துவிடுபவர் வரம்பு வைத்துக்கொண்டு பவர் பேங்க் தூக்கி அலைவதில் அர்த்தமில்லை.

இரவில் சொருகி வைக்கலாம். ஐபோனில் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13-லிருந்து, நீங்கள் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு 80-ல் நிறுத்திவைத்து, விழிக்கும் முன் மீதியை ஏற்றும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டிலும் பல கம்பெனிகள் இதைத் தருகின்றன. ஆன் பண்ணிவிட்டுத் தூங்குங்கள். தலையணைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்.

ஃபாஸ்ட் சார்ஜிங் பேட்டரியைக் கெடுக்குமா?

கெடுப்பது வேகத்தைவிட, வேகத்தோடு வரும் சூடு. போனும் சார்ஜரும் பேசிக்கொண்டுதான் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்கின்றன. காலியாக இருக்கும்போது வேகமாக ஏறி, 80-ஐத் தாண்டியதும் மெதுவாவது அதனால்தான். அதிக வாட் சார்ஜரைப் போட்டால் போன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பேர் தெரியாத மலிவு சார்ஜரைத்தான் தவிர்க்க வேண்டும். அவசரமில்லாத இரவு நேரத்துக்கு மெதுவான சார்ஜரே போதும். வயர்லெஸ் சார்ஜிங்கில் ஒரு பகுதி மின்சாரம் சூடாகவே வீணாகும். தடித்த கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சூடு என்று அடிக்கடி சொல்கிறீர்கள். எவ்வளவு சூடு?

ஐபோனுக்கு 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையான சூழலைத்தான் ஆப்பிள் பரிந்துரைக்கிறது. 35-ஐத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று எச்சரிக்கிறது. மற்ற போன்களின் பேட்டரியும் இதே வேதியியல்தான். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு, சார்ஜ் போட்டபடி மணிக்கணக்கில் கேம், வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து சார்ஜ் ஏற்றுவது ஆகிய மூன்றையும் தவிர்த்தாலே பாதி ஆயுளைக் காப்பாற்றியது போலத்தான். குளிரில் சார்ஜ் சட்டென இறங்குவது தற்காலிகம். சூடேறியதும் பழையபடி ஆகிவிடும்.

மாதம் ஒரு முறை பூஜ்யம் வரை இறக்கி நூறு வரை ஏற்ற வேண்டுமா?

தேவையில்லை. அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்குவது கெடுதல்தான். 20 சதவீதத்தில் போன் திடீரென அணைந்துவிடுகிறது என்றால் மட்டும் ஒரு தடவை செய்து பாருங்கள்; அது பேட்டரிக்கு மருந்தில்லை, சதவீதம் காட்டும் கணக்கைத் திருத்தும் வழி. பயன்படுத்தாமல் மாதக்கணக்கில் எடுத்து வைக்கும் போனைப் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

பேட்டரி எத்தனை வருடம் வரும்?

வருடத்தைவிட சைக்கிள் கணக்குப் பொருத்தம். இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் செலவானால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். ஐபோன் 14 வரை 500 சைக்கிளுக்குப் பிறகும், 15-லிருந்து 1000 சைக்கிளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதம் இருக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சைக்கிளுக்குப் பின் 80 சதவீதம் என்பது விதியாகவே ஆகிவிட்டது.

எல்லாம் செய்தும் சார்ஜ் நிற்கவில்லை. எப்போது சர்வீஸ் சென்டருக்குப் போவது?

இரண்டு வாரம் கழித்தும் சேஃப் மோடில் ஓர் இரவில் இருபது சதவீதம் இறங்குகிறது, சும்மா கிடக்கும்போதே சுடுகிறது, சதவீதம் 40-லிருந்து 15-க்குக் குதிக்கிறது: இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போங்கள். மாற்றித் தரும் காலக்கெடு எப்போது முடிகிறது என்று பில்லைப் பார்த்து, அதற்கு முன்பே போங்கள். பேட்டரி பக்கத்தை நான்கைந்து நாள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால், "நீங்க அதிகமா யூஸ் பண்றீங்க" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.

பின்பக்க மூடியோ ஸ்கிரீனோ லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.